மறைந்த ஓரஸ்ட் மெல்னிக்கின் குடும்பத்தாருக்கு

ஓட்டர் பாயிண்ட் தபால் நிலையத்தில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். செத்தவனுக்கு வந்த கடிதத்தைச் செத்தவன் கையிலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்கியது ஓரஸ்ட் மெல்னிக் ஒருவனிடம்தான். ஒரு தடவை அல்ல, பதினாலு தடவை.

முதல் கடிதம் மார்ச் கடைசியில் வந்தது. கனமான உறை. மூலையில் அமெரிக்காவின் ஆல்டன்பரி பல்கலைக்கழக முத்திரை தங்க நிறத்தில் புடைத்துக்கொண்டு நின்றது. ‘மறைந்த ஓரஸ்ட் மெல்னிக்கின் குடும்பத்தாருக்கு’ என்று எழுதியிருந்தது. மேற்படி ஓரஸ்ட் கவுன்டருக்கு எதிரே பூட்ஸிலிருந்து பனியை உதறிக்கொண்டு நின்றிருந்தான்.

"டோரீன், இதுல யார் செத்தது?"

"நீதான்."

"ஓ," என்றான். "சாரி."

எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். ஒருவன் காலை இன்னொருவன் மிதித்தால், மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்பான். கனடாவில் மானிட்டோபாவின் வடக்கே இதை நல்ல பழக்கம் என்று சொல்லிக் கொடுத்து வளர்க்கிறோம். இது எங்கே கொண்டுபோய் விடும் என்று யாரும் யோசித்ததில்லை.

அவன் எப்படிச் செத்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரி உறைந்ததும் பழைய வண்டி ஒன்றை அதன் நடுவே இழுத்துப்போய் நிறுத்துவோம். எஞ்சினும் எண்ணெயும் எடுத்துவிட்ட வெறும் கூடு. வசந்தம் வந்து பனி உடைந்து எந்த நாள், எத்தனை மணிக்கு வண்டி உள்ளே போகும் என்று ஊரே சீட்டு வாங்கிப் பந்தயம் கட்டும். ஸ்கேட்டிங் அரங்கத்துக் கூரைக்காக ஆரம்பித்தது. கூரை போட்டு ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, பந்தயம் மட்டும் நிற்கவில்லை. வண்டி ஓரஸ்டுடைய நீலநிற பிக்கப். பதினோரு தடவை மூழ்கியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவனே சங்கிலி போட்டு வெளியே இழுத்து, தண்ணீரை வடித்து, அடுத்த குளிர்காலத்துக்கு எடுத்து வைப்பான்.

அவனுக்கு ஒரே பெண், லாரிசா. அவள் அம்மா கால்கரிக்குப் போய் வேறு குடும்பமாகிவிட்டாள். நாலு வயதிலிருந்து இவன்தான் சடை பின்னினான், பெரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை வேகவைத்துப் போட்டான். அவளுக்குப் பாலம் கட்டுகிற படிப்பு படிக்க ஆசை. எங்கள் பக்கம் விண்ணப்பம் என்றால் மார்க்கை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அவளோ ஆல்டன்பரிக்கு ஆசைப்பட்டாள். வழவழப்பான அவர்கள் புத்தகத்தை அவள் தபால் பெட்டியில் போட்டவளே நான்தான், அந்தப் பாவம் எனக்கும் உண்டு. முழு உதவித்தொகை என்று அதில் எழுதியிருந்தது.

ஊரில் இணையம் ஒழுங்காக வருவது தபால் நிலையத்தில் மட்டும்தான். மூன்று நாள் என் மேஜையில் உட்கார்ந்து படிவம் நிரப்பினாள். வகுப்பில் எத்தனை நூறு பேரில் எத்தனையாவது இடம் என்று கேட்டிருந்தது. அவள் வகுப்பில் ஏழு பேர். உங்களை நெருக்கடிக்கு உள்ளாக்கியது போரா, நோயா, தீயா, வேறா என்று கேட்டிருந்தது. கடைசியில் ஒரு கட்டுரை: ‘உங்கள் மிகப் பெரிய இழப்பு எது? அது உங்களை எப்படித் தலைவராக்கியது? இருநூற்றைம்பது சொற்கள்.’

"எனக்கு ஒண்ணும் ஆகலியே ஆன்ட்டி," என்று அழாத குறையாகச் சொன்னாள்.

"பூனை செத்துச்சே, அத எழுதேன்," என்றான் ஓரஸ்ட்.

"அது எங்கப்பா செத்துச்சு? பீட்டர்ஸ் வீட்டுக்கு ஓடிப்போச்சு. தெனம் ஜன்னல்லேருந்து நம்மளப் பாக்குது."

"அதுவும் இழப்புதானே? எனக்கு இன்னும் மனசு ஆறல."

கடைசியில் அவள் வண்டியைப் பற்றி எழுதினாள். பாலம் கட்ட நினைக்கிற பெண்ணுக்குப் பனி எப்போது தாங்கும், எப்போது தாங்காது என்பதுதானே முதல் பாடம். நன்றாகவே எழுதினாள். ஆனால் முந்நூறு சொல் ஆகிவிட்டது. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் ஆல்டன்பரியின் இயந்திரம் இருநூற்றைம்பதாவது சொல்லோடு கட்டுரையை வெட்டிவிட்டது. அங்கே போய்ச் சேர்ந்த கட்டுரை இப்படி முடிந்தது:

‘காலை பத்து மணி பதினேழு நிமிஷத்துக்கு அப்பாவின் வண்டி ஏரிக்குள் போனது. ஊரே கரையில் நின்றிருந்தது. யாரும் ஓடவில்லை. கொஞ்ச நேரம் குமிழிகள் வந்தன. பிறகு அதுவும் இல்லை. அப்பா’

அவ்வளவுதான். அதற்கு மேல் இல்லை.

இரண்டு வாரத்தில் அங்கிருந்து வீடியோவில் ஓர் அம்மாள் வந்தார். டாக்டர் மெரிடித் ஹாலோவெல், இழப்புத் துறையின் தலைவர். அங்கே அப்படி ஒரு துறை இருக்கிறது, பதினெட்டு பேர் வேலை பார்க்கிறார்கள். வந்ததுமே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கடைசி வார்த்தை, கண்ணு. அதுக்கு மேல உன்னால எழுத முடியல, இல்லையா?"

"ஆமா மேடம். அதுக்கு மேல போகல."

"யாராலயும் முடியாது."

அம்மாள் விம்மினார். லாரிசாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஒருத்தர் எதிரில் அழும்போது எங்கள் ஊர்ப் பெண் சும்மா இருப்பாளா? "சாரி மேடம், ரொம்ப சாரி," என்றாள். ‘தன் துயரத்திலும் பிறரைத் தேற்றுகிறாள்’ என்று அது கோப்பில் ஏறியது. இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைத்தது, ஓரஸ்டுக்கு அந்த முதல் உறையும் கிடைத்தது.

அன்றைக்கே லாரிசா உண்மையை எழுதி அனுப்பினாள். ‘மன்னிக்க வேண்டும், என் அப்பா உயிரோடு இருக்கிறார்’ என்று தொடங்கியிருந்தாள். நாலாம் நாள் பதில் வந்தது. ‘உயிரோடு இருக்கிறார் என்று நீங்கள் உணர்வதை மதிக்கிறோம். மன்னிப்புக் கேட்க வேண்டாம், குற்ற உணர்வு துயரத்தின் இரண்டாம் கட்டம். விவரத்தில் மாற்றம் இருந்தால் சூழ்நிலை மாற்றப் படிவத்தை நிரப்பவும்.’ படிவத்தில் பெற்றோர் இறந்தால் ஒரு கட்டம், வீடு எரிந்தால் ஒரு கட்டம், இரண்டும் சேர்ந்து நடந்தால் தனியாக ஒரு கட்டம். செத்தவர் பிழைத்தால் கட்டம் இல்லை. அடியில் சின்ன எழுத்தில், சூழ்நிலை மேம்பட்டால் சேர்க்கை மறுபரிசீலனை செய்யப்படும் என்றிருந்தது.

அந்தச் சின்ன எழுத்தை ஓரஸ்ட் இரண்டு தடவை படித்தான்.

"நான் செத்தே இருக்கேன், பரவாயில்ல," என்றான். "நாலு வருஷந்தானே."

"அப்பா, அசிங்கமாப் பேசாத."

"என்ன அசிங்கம்? ஏரிக்குத்தான் தெனம் போறேன். நான் உயிரோட இருக்கேன்னு ஒரு காகிதத்துல இல்லாட்டி என்ன போச்சு? நீ போ, பாலம் கட்டு."

ஆகஸ்டில் அவள் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் முதுகு சில்லிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீடியோவில் கூப்பிடுவாள். அவள் விடுதி அறையில் இன்னொரு பெண்ணும் உண்டு, அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை லாரிசா தகப்பன் இல்லாதவள். அதனால் நான் ஓரஸ்ட் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேசுவேன். ஓரஸ்ட் திரைக்கு வெளியே ஃப்ரிட்ஜை ஒட்டி நிற்பான். கையில் காபிக் கோப்பை இருக்கும். நான் கேட்க வேண்டியதை உதட்டை அசைத்துக் காட்டுவான். சாப்பிட்டாளா. தூங்கினாளா. குளிருக்குப் போர்வை இருக்கிறதா. அவளும் என்னைப் பார்த்தே பேசுவாள், ஆனால் கண் அடிக்கடி என் தோளுக்கு அந்தப் பக்கம் போகும். ஒரு நாள் அவன் இருமிவிட்டான். "யாரு அங்க?" என்று அந்த அறைப் பெண் கேட்டாள்.

லாரிசா அவள் பக்கம் திரும்பினாள். பிறகு, "யாருமில்ல," என்றாள்.

ஓரஸ்ட் கோப்பையைத் தொட்டியில் வைத்துவிட்டு, சத்தம் வராமல் பின்கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனான்.

அன்றிலிருந்து அவன் தேய ஆரம்பித்தான். தொலைபேசி அடித்தால் எடுக்கமாட்டான், பல்கலைக்கழகமாக இருந்தால் என்ன செய்வது? மீன்பிடி உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. காபிக் கடையில் முதலில் எல்லோரும் கேலி செய்தார்கள். "என்னய்யா பேயி, இன்னிக்கு சக்கர ஒண்ணா ரெண்டா?" என்பார்கள். பிறகு கேலி நின்றது. பிறகு அந்தக் கடைப் பெண் காபி ஊற்றிக்கொண்டு மேஜையைச் சுற்றிவரும்போது அவன் கோப்பையை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். வேண்டுமென்று செய்யவில்லை, கண்ணில் படவில்லை. அவனும் கேட்கவில்லை. கடிதங்கள் மட்டும் மாதம் தவறாமல் ஒன்றோ இரண்டோ வந்தன. மறைந்த, மறைந்த, மறைந்த. ஒரு ஜனவரி காலை, கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் போனதும், நான் ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பனியில் அவன் கால்தடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஆனால் அப்படிப் பார்க்கத் தோன்றியதே, அதை நினைத்து அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

பதினாலாவது கடிதம் அழைப்பிதழ். பிப்ரவரியில் நினைவு வார இறுதியாம். ‘மறைந்த ஓரஸ்ட் மெல்னிக் அவர்களின் நினைவாக வளாகத்தில் பெஞ்சு ஒன்று திறந்து வைக்கப்படும். துணைவியார் திருமதி டோரீன் அவர்கள் அவசியம் வருகை தர வேண்டும்.’ ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறைப் பெண் திரையில் பார்த்த முகம் என்னுடையதுதானே, அம்மா என்று நினைத்திருப்பாள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. முப்பது வருஷத்துக்கு முன் இதே ஓரஸ்ட் ஒரு நடன மாலையில் ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டு, "சாரி, ஒண்ணுமில்ல," என்று போய்விட்டான். இப்போது பாருங்கள், மனைவி ஆகாமலே விதவை ஆகிவிட்டேன்.

"நானும் வரேன்," என்றான். "வண்டி ஓட்டறதுக்கு."

"உன் நினைவு நாளுக்கு நீயா?"

"ஆறு மாசமாச்சு டோரீன். முடிய வெட்டிக்கிட்டாளாம்."

என் வண்டியில் இரண்டு நாள் பயணம். எல்லையில் அதிகாரி அவன் பாஸ்போர்ட்டைப் பார்த்து உயிரோடு இருப்பதாகவே நினைத்து விட்டுவிட்டார். ஆல்டன்பரியில் அவ்வளவு எளிதாக இல்லை. வாசலில் ஒரு பெண் பேட்ஜ் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓரஸ்ட் தன் பெயரைச் சொன்னான். அவள் பட்டியலைப் பார்த்தாள், கறுப்பு நாடா கட்டிய ஒரு பேட்ஜை எடுத்தாள்.

"இது மறைந்தவரோடது சார். குடும்பத்துல யாராவது அணியலாம். நீங்க அணியறீங்களா?"

"சரிம்மா," என்றான்.

"அழகான மரியாதை," என்று கண்கலங்கியபடி அதை அவன் சட்டையில் குத்திவிட்டாள். ஓரஸ்ட் மெல்னிக் என்று அவன் நெஞ்சிலேயே எழுதியிருந்தது. அதைப் படித்தவர்கள் எல்லாம் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். மண்டபத்தின் கண்ணாடிக் கதவு ஆள் வந்தால் தானாகத் திறக்கும். எனக்குத் திறந்தது. எனக்குப் பின்னால் அவன் வந்தான், மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். நான் திரும்பிப் போய் அவனை உள்ளே இழுத்தேன். குளிர் உடுப்பின் தடிமன் காரணமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எங்கள் பின்சுவரில் ஓரஸ்டின் படம், கதவளவு பெரிது. எங்கள் ஊர்ச் செய்தித்தாளிலிருந்து எடுத்தது. பெரிதாக்கியதில் முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்திருந்தது.

டாக்டர் ஹாலோவெல் மேடையேறினார்.

"நண்பர்களே, நம் முதலாண்டு மாணவர்களில் நூற்றுக்கு நாற்பத்தொரு பேர் யாரையாவது இழந்தவர்கள். ஐந்தே ஆண்டில் இதை அறுபதாக உயர்த்துவோம். போன வருடம் நமக்குப் போட்டியான பல்கலைக்கழகம் ஒன்று நம்மைவிட இரண்டு அநாதைகளை அதிகமாகச் சேர்த்துவிட்டது. அது மறுபடி நடக்காது என்று உறுதி சொல்கிறேன்."

கைதட்டல். அம்மாள் தண்ணீர் குடித்தார்.

"கனடாவை நாம் வெகுகாலம் கவனிக்கவில்லை. நல்ல மருத்துவம், குறைந்த குற்றம், அங்கே நமக்கு என்ன கிடைக்கும் என்று நினைத்திருந்தோம். அது நம் தவறு. அங்கே ஏரிகள் இருக்கின்றன. லாரிசாவின் கட்டுரையை நாங்கள் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. அவளையும் மாற்றவிடவில்லை. எங்கள் மாணவர்கள் குணமாகிவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். குணமாகிவிட்டால், அவர்களை எதற்காகச் சேர்த்தோமோ அது என்னாவது?"

பக்கத்தில் ஓரஸ்ட் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். வாசலில் வாங்கிய டோனட் ஒன்று காகிதத்தில் சுற்றி அவன் கையில் இருந்தது. சாவு வீட்டில் தின்னக்கூடாது என்று வைத்திருந்தானாம்.

கட்டுரையை வாசிக்க லாரிசாவைக் கூப்பிட்டார்கள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். இளைத்திருந்தாள். தாளைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினாள். அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் அது மனப்பாடம் போலிருந்தது, உதடுகள் கூடவே அசைந்தன. குமிழிகள் வந்தன. பிறகு அதுவும் இல்லை.

"அப்பா," என்றாள்.

மண்டபம் தட்டுவதற்குக் கையைத் தூக்கியது. அப்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள். கடைசி வரிசையில் தொப்பியைப் பார்த்துவிட்டாள். அவன் வருவது அவளுக்குத் தெரியாது.

"அப்பா என் பக்கத்துல நின்னு," என்று தொடர்ந்தாள். தாளைப் பார்க்கவே இல்லை. "டோனட் தின்னுக்கிட்டிருந்தார். இன்னும் ரெண்டு நாள் தாங்கும்னு நெனச்சேனேன்னு சொன்னார். இதுதான் முழுக் கட்டுரை. உங்க மிஷின்தான் வெட்டிடுச்சு. எங்கப்பா சாகல. அதோ உக்காந்திருக்கார், பின்னாடி, பாருங்க!"

முந்நூறு பேர் திரும்பினார்கள். எங்கள் வரிசையும் திரும்பியது. ஓரஸ்டும், யாரைக் காட்டுகிறாள் என்று பார்க்கத் தானும் பின்னால் திரும்பினான். சுவரில் கதவளவுக்கு அவன் படம்.

யாரோ தேம்பினார்கள். எல்லோரும் எழுந்து அந்தப் படத்துக்கு மௌனமாக நின்றார்கள். ஓரஸ்டும் எழுந்து நின்றான்.

"அவரைப் பாக்கறா," என்று டாக்டர் ஹாலோவெல் மெதுவாக ஒலிபெருக்கியில் சொன்னார். "நாலாம் வருஷத்துல வர வேண்டிய கட்டம், முதல் வருஷத்துலயே வந்துடுச்சு."

லாரிசா மேடையிலிருந்து இறங்கி நடுவழியாக ஓடிவந்தாள். ஓரஸ்டின் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே டாக்டர் ஹாலோவெல் வந்தார். முதல் தடவையாக அந்த அம்மாள் முகத்தில் ஒரு சந்தேகம் தெரிந்தது. அவன் நெஞ்சில் இருந்த பேட்ஜைப் படித்தார், அவன் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க யாரு சார்?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். அவன் பார்வை லாரிசா மேல் விழுந்தது. அவள் நாலு வருஷம், அவள் பாலம், அந்தப் படிவத்தின் சின்ன எழுத்து, எல்லாவற்றையும் அவன் எடை போட்டதும் எனக்குத் தெரிந்தது.

"சாரி மேடம்," என்றான். "நான் வண்டி ஓட்டிட்டு வந்தவன்."

அம்மாளுக்கு உயிர் திரும்பியது. "நல்லது, நல்லது. தேநீர் அந்தப் பக்கம் இருக்கு."

லாரிசா அவனையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அந்தச் சட்டைக் கையை அவள் விடவில்லை.

"டிரைவரா?" என்றாள். "சரி டிரைவர், வண்டிய எடு. வீட்டுக்குப் போகணும்."

"லாரிசா, பெஞ்சு இன்னும் திறக்கல," என்றார் டாக்டர் ஹாலோவெல்.

"சாரி மேடம்," என்று சொல்ல வாயெடுத்தாள், எனக்குத் தெரியும். உதடு அந்த வடிவத்துக்குப் போய்விட்டது. பிறகு மூடிக்கொண்டாள்.

வெளியே பெஞ்சைத் தாண்டித்தான் போனோம். கறுப்புக் கல்லில் பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம் எல்லாம் வெட்டியிருந்தது. ஓரஸ்ட் அதில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டான். வழி முழுக்க அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தாள். டோனட்டை மூன்றாகப் பிட்டுத் தின்றோம்.

இப்போது எங்கள் மானிட்டோபாவிலேயே, வினிபெக்கில் விண்ணப்பித்திருக்கிறாள். மார்க் மட்டும் கேட்டார்கள்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். போன வியாழக்கிழமை பதினைந்தாவது உறை வந்தது. அதே கனம், அதே தங்க முத்திரை. இரவில் விழுந்த பனி வாசலில் முழங்கால் அளவு கிடந்தது. தபால் எடுக்க இருவரும் வந்திருந்தார்கள். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருக்கு ஆன்ட்டி? அப்பாவுக்கா?"

"எனக்கு வந்திருக்கு."

பிரித்து வாசித்தேன். ‘எங்கள் பதிவுகளின்படி ஆல்டன்பரியை எந்த மாணவரும் தானாக விட்டுச் சென்றதில்லை. ஆகவே தங்கள் மகளின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். தந்தையின் பெஞ்சுக்கு அருகிலேயே இன்னொன்று அமைக்கப்படும்.’ உறையின்மேல், என் பெயருக்கு மேலே எழுதியிருந்தது: ‘மறைந்த லாரிசா மெல்னிக்கின் குடும்பத்தாருக்கு.’

ஓரஸ்டின் முகம் வெளுத்துவிட்டது. தன் சாவுக்கு சாரி சொன்னவன் இதற்குச் சாரி சொல்லவில்லை.

என் இழுப்பறையில் ஒரு ரப்பர் முத்திரை இருக்கிறது. ‘அப்படி யாரும் இங்கே இல்லை. அனுப்பியவருக்கே திருப்பவும்.’ இருபத்தாறு வருஷமாக அங்கேதான் இருக்கிறது. பதினாலு தடவை அதை எடுத்திருக்கலாம். அமெரிக்காக்காரர்கள் சங்கடப்படுவார்களே என்று எடுக்கவில்லை. அன்றைக்கு எடுத்தேன். உறையை மறுபடி ஒட்டி ஓங்கிக் குத்தினேன். மேஜை அதிர்ந்தது.

"இன்னொரு தடவ குத்துங்க ஆன்ட்டி," என்றாள் லாரிசா. குத்தினேன்.

அவர்கள் வந்த வழியாகத் திரும்பாமல், எதிர்ப்பக்கமாக ஏரிக்கு வண்டியைப் பார்க்கப் போனார்கள். பனி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாளாம். நான் உறையைத் திருப்பி அனுப்பும் பையில் போட்டேன். மனசு கேட்கவில்லை. ஜன்னலுக்குப் போனேன். இருவரும் மூலை திரும்பி மறைந்திருந்தார்கள். வாசலிலிருந்து மூலை வரை புதுப் பனியில் ஒரே ஒரு வரிசைத் தடம்தான் போயிற்று. பெரிய பூட்ஸ், ஓரஸ்டுடையது. பக்கத்தில் சின்னத் தடம் எதுவும் இல்லை.

கோட்டுகூடப் போடாமல் வெளியே ஓடினேன். வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை.

மூலையைத் தாண்டியதும் பார்த்தேன். ஓரஸ்ட் முன்னால் பனியை மிதித்து வழி போட்டுக்கொண்டு போனான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது செய்தது போல, அவள் பின்னால் அவன் தடங்களுக்குள்ளேயே காலை வைத்து வைத்து நடந்தாள்.

"என்ன டோரீன், கோட்டு போடாம?" என்று அங்கிருந்தே கத்தினான் ஓரஸ்ட்.

எனக்கு மூச்சு வாங்கியது. இருவரும் நின்று, நான் வந்து சேரும் வரை காத்திருந்தார்கள்.